மடக்காத கத்தி

"அடம் பிடிக்குது, பாஸ். எங்க பழைய டிப்போ மேனேஜர் மாதிரி, ஒரு இம்மி வளைய மாட்டேங்குது."

கமா இரண்டு கட்டைவிரல்களையும் அலகின் முதுகில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மடக்குக் கத்தி. கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், நாள்பட்டுச் சாம்பல் பூத்த இரும்பு அலகு. அது கால்வாசிகூட இறங்கவில்லை. கிரீச் என்று மட்டும் ஒரு சத்தம் போட்டது.

"விடு, கமா! மடக்காதே!"

மேடம் சொன்ன அதே விநாடியில் அவர்களுக்குப் பின்னால் ஒரு டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். ஒரு கை தையல் ஏப்ரனின் பைக்குள் இருந்தது. மற்றது டம்ளரைப் பிடித்திருந்த வாக்கிலேயே காற்றில் நின்றது. முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. உதடுகள் பிரிந்தன, சேர்ந்தன. சத்தம் வரவில்லை. குனிந்து டம்ளரைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

"பார்த்தீங்களா?" என்றாள் மகள். செருப்பு மாட்டியாயிற்று. கையில் நாலாக மடித்த ஒரு கடிதம். "கத்தியப் பார்த்தாலே இப்படித்தான் ஆயிடறாங்க. அப்பா போய் பதினாலு மாசம் ஆச்சு. அன்னியிலேர்ந்து அம்மா ஒரு வார்த்தை பேசல. இப்ப மூணு வாரமா இது வேற. எங்கம்மாவை யாரோ உயிரோட கொன்னுக்கிட்டிருக்காங்க, மேடம். யாருன்னு எனக்குத் தெரியும். நாலு மணிக்கு ஸ்டேஷன்ல இந்தப் புகாரைக் குடுக்கப்போறேன். உங்களைக் கூப்பிட்டது கண்டுபிடிக்க இல்ல. சாட்சிக்கு."

சுவர்க் கடிகாரம் ஒன்றே கால் காட்டியது.

"சாட்சி சொல்றதுக்கு முன்னாடி எதைப் பார்த்தேன்னு எனக்கே தெரியணுமேம்மா," என்றார் மேடம். "உக்காரு. செருப்பைக் கழட்டு. முதல்லேர்ந்து சொல்லு."

மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் விசாரணை அதிகாரி. செத்தவர்கள் சொல்லாமல் போனதை உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டு வாங்குவது அவர் தொழிலாக இருந்தது. வேலையை விட்ட பிறகும் அந்த வழக்கம் அவரை விடவில்லை. உதவியாளன் கமா முன்னாள் பஸ் கண்டக்டர். வழுக்கை, தொப்பை, நாற்பத்தைந்து வயது. அவன் பேச்சில் முற்றுப்புள்ளியை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர்.

மகள் சொன்னாள்.

அப்பா தார்ப்பாய் பட்டறையில் மேஸ்திரி. லாரிக்கு, படகுக்கு, பந்தலுக்கு என்று பெரிய பெரிய தார்ப்பாய்களைத் தைக்கிற, ஒட்டுப்போடுகிற இடம். முப்பது வருடமாக இந்தக் கத்தி அவர் வலது பையில் இருந்தது. மெழுகு நூலை வெட்டியது, பென்சில் சீவியது, பார்சல் பிரித்தது, சாப்பாடு முடிந்ததும் பழம் நறுக்கியது எல்லாம் இதுதான். துடைத்து, மடக்கி, பையில் போடுவார்.

"மடக்கும்போது டிக்குனு ஒரு சத்தம் வரும், மேடம். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்க வீட்ல சாப்பாடு முடிஞ்சதா அர்த்தம். அப்புறம்தான் நான் தட்டை எடுப்பேன்."

பட்டறைக்குப் பின்னால் கால்வாய். பழைய தார்ப்பாய்களை அங்கேதான் ஊறவைத்து அலசுவார்கள். அன்றைக்கு ஊறிக் கனத்த சுருள் ஒன்று மேடையிலிருந்து சரிந்து தண்ணீருக்குள் போனது. அதன் கயிறு அப்பாவின் காலைச் சுற்றியிருந்தது.

"கத்தி இருந்திருந்தா ஒரே வெட்டு. இல்ல. ஸ்டேஷன்ல குடுத்தாங்க, அப்பா பையில இருந்ததெல்லாம். ரெண்டு சாவி, ஒரு கைக்குட்டை, ஒரு தட்டைப் பென்சில் துண்டு. அவ்வளவுதான். கத்தி இல்லாம அப்பா வாசப்படி தாண்டினதே இல்ல. அப்போ பட்டறைல யாரோ எடுத்திருக்காங்க. எடுத்தவன்தான் கொன்னவன்."

"அன்னிக்குக் காலைல அவர் கத்தியோட கிளம்பினதை நீ பார்த்தியா?"

"எனக்கு ஜுரம், மேடம். மூணு நாளா படுக்கை. முழிச்சப்போ தலைமாட்டுல ஒரு தட்டுல நாலு துண்டு பேரிக்காய் இருந்துச்சு. அப்பா கிளம்பிப் போயிட்டார். மூஞ்சியைக்கூடப் பார்க்கல."

கமா கீழே கிடந்த டம்ளரை எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைப் பக்கம் நழுவினான்.

"சரி. இந்தக் கத்தி எப்ப வந்துச்சு?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி அம்மாகிட்ட சொன்னேன், 'அப்பாகூட வேலை செஞ்ச நொட்டாங்கை மேல புகார் குடுக்கப்போறேன்'னு. மறுநாள் காலைல பார்க்கறேன், மேஜைல அப்பா உக்கார்ற இடத்துல, இது. திறந்தபடி. என் அலமாரில வச்சுப் பூட்டினேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி மேஜைல. திறந்தபடி. இதோட நாலு தடவை. பூட்டு பூட்டினபடி இருக்கு, மேடம். கத்தி மட்டும் வெளில வந்து அப்பா இடத்துல உக்காந்துக்குது."

நாற்காலி ஒன்று மேஜையிலிருந்து சற்று விலகியே இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. மேடம்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.

"பூட்டு விஷயம் முடிஞ்சது, பாஸ்." கமா திரும்பி வந்தான், கையில் ஒரு சாவி. நேரே மகளின் அலமாரிக்குப் போய் அதை நுழைத்துத் திருகினான். திறந்துகொண்டது. "சமையலறை அலமாரிச் சாவி. இந்த வீட்டுப் பூட்டெல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க, ஒண்ணைக் கூப்பிட்டா எல்லாம் திரும்பிப் பார்க்குது. அப்புறம் உள்ள எண்ணெய் பாட்டிலுக்கு யாரோ காகிதத்தைச் சுருட்டித் தலைப்பா கட்டியிருக்காங்க, பாவம் ஜலதோஷம் போல, அப்புறம் தண்ணி நல்லா இருக்கு, அப்புறம்…"

"கமா."

"சரி, பாஸ்."

மகளின் கண்கள் விரிந்தன. "அப்ப சமையலறை வழியா வர்றவங்க யார் வேணா எடுக்கலாம்! அந்த ஆள் தினமும் பின்வாசல் வழியாத்தான் வர்றார். அம்மாவுக்கு ஓரம் அடிக்கத் துணி கொண்டு வருவார். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி அதே பட்டறைல தைச்சவங்கதான். நொட்டாங்கை அப்பாவோட கூடப்பிறந்தவர் மாதிரி. நான் சித்தப்பான்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். அப்பா போன மறு மாசமே அப்பாவோட மேஸ்திரி வேலை அவருக்கு. இப்ப தினமும் வந்து பத்து நிமிஷம் அம்மா முன்னாடி தலையைத் தொங்கப்போட்டுட்டு உக்காந்துட்டுப் போறார். எந்த நல்லவன் அப்படி உக்காருவான்?"

மேடம் கத்தியைக் கையில் எடுத்தார். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, கத்தியின் பிடியில் அலகு போய்ப் படுக்கும் பள்ளத்துக்குள் விட்டு நெம்பினார். கம்பளித் துண்டு மாதிரி ஒன்று வந்தது. நூல் பிசிறு, தூசி, மெழுகு எல்லாம் சேர்ந்து இறுகிப்போனது. திருகாணியைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு. பிறகு அலகின் முனையை ஜன்னல் பக்கம் திருப்பினார். நுனியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் இரும்பு பளிச்சென்று இருந்தது. அங்கே கடுகளவு ஒரு பழுப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் அழுத்தினார். மெத்தென்று அமுங்கியது.

"இந்தக் கத்தி ஒரு வருஷத்துக்கு மேல மடங்கவே இல்ல," என்றார். "திருடினவன் முதல்ல என்ன செய்வான், கமா?"

"மடக்கிப் பைல போடுவான். திறந்தபடி போட்டா அவன் தொடையே சாட்சி சொல்லும்."

"பதினாலு மாசம் ஒருத்தர் திறந்த கத்தியையே வச்சுக்கிட்டு இருந்திருக்கார். ஏன்?"

"ஆவிக்குப் பாக்கெட் கிடையாதே, பாஸ்."

சொல்லிவிட்டு அவனே அந்த நாற்காலியைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

பட்டறையில் மெழுகு வாசனை மூக்கை அடைத்தது. உத்தரத்திலிருந்து பச்சையும் பழுப்புமாகத் தார்ப்பாய்கள் தொங்கின. நடக்க நடக்க ஒவ்வொன்றையும் திரை மாதிரி விலக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பின்பக்கக் கதவு திறந்திருந்தது. அதற்கப்பால் படித்துறை மாதிரி ஒரு மரமேடை. அதற்கும் அப்பால் கால்வாய், அசையாமல், மண் நிறத்தில்.

நடுவில் உயரமான பலகையில் நொட்டாங்கை உட்கார்ந்திருந்தார். இடது கையால் ஊசியை வாங்கி, இடது கையாலேயே இழுத்து, ஆள் குனிந்தே இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. புது மேஸ்திரி. ஆனால் மேஸ்திரி நாற்காலி காலியாக இருந்தது.

மேடம் எதையும் விசாரிக்கவில்லை. கொண்டுவந்திருந்த அட்டைப் பெட்டியைப் பலகையில் வைத்து, சுற்றியிருந்த சணல் முடிச்சோடு சும்மா மல்லுக்கட்டினார்.

"யாராவது ஒரு கத்தி குடுங்களேன்."

ஒரே நேரத்தில் பதினோரு கைகள் பதினோரு பைகளுக்குள் போயின. டிக், டிக், டிக் என்று மழை ஆரம்பிப்பது போல ஒரு சத்தம். மேடம் முன்னால் பதினோரு அலகுகள் நீண்டன.

மேடம் உண்மையாகவே வாய் பிளந்தார். ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். ஒன்றின் பிடி எலும்பு, தொட்டுத் தொட்டுத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்று தீட்டித் தீட்டியே பாதி அகலத்துக்குத் தேய்ந்து, மீன் முள் மாதிரி ஆகியிருந்தது. ஒன்றில் நகம் வைத்துத் திறக்கிற குழி வழுவழுவென்று ஆழமாகியிருந்தது. தார்ப்பாய் ஓரத்தில் பித்தளை வளையம் அடிக்கிற அம்மாளின் கத்தி சுண்டுவிரல் நீளம்தான். சாம்பல் அலகில் நீலமும் ஊதாவுமாக, எண்ணெய் படிந்த தண்ணீர் மாதிரி, நிறங்கள் ஓடின.

"இந்த நிறம் எப்படிம்மா வந்தது?"

"அது என் இருபது வருஷத்துப் பழம், மேடம்," என்றாள் வளையக்கார அம்மாள். "தினமும் மத்தியானம் ஒரு பழம் நறுக்குவேன். புளிப்பு ஏறி ஏறி இரும்பு இந்த நிறத்துக்கு வந்துடும். என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு நிறம் மாறினதில்ல."

சிரிப்பு எழுந்தது. "சார், உங்க கத்தி எங்க?" என்று ஒருவன் கமாவைக் கேட்டான்.

"எனக்கு நாக்கே போதும்னு சொல்லுவாங்க."

"கத்தி இல்லாம வந்துட்டார்! டீ! டீ!" என்று பலகைகளைத் தட்டினார்கள். இந்தப் பட்டறைக்குள் கத்தி இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர் பொறுப்பாம்.

"யார் போட்ட சட்டம் இது?" என்று கமா அலறினான்.

தட்டல் நின்றது. "செத்துப்போன எங்க மேஸ்திரி போட்டது," என்றாள் வளையக்கார அம்மாள்.

மேடம் சணலை அறுத்துவிட்டு, அவள் கத்தியை மடக்கித் திருப்பிக் கொடுக்கப் போனார். அம்மாள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, மடக்காதீங்க! திறந்து குடுத்தா திறந்துதான் திருப்பித் தரணும்."

"ஏம்மா?"

"உள்ள இருக்கற ஸ்பிரிங்கோட குணம் வச்சிருக்கறவங்களுக்குத்தான் தெரியும். எது மெதுவா இறங்கும், எது படார்னு அடிக்கும்னு. அடுத்தவங்க மடக்கினா விரல் போயிடும். இங்க ரெண்டு பேருக்குப் போயிருக்கு. அதுவும் மேஸ்திரி அண்ணன் போட்ட சட்டம்தான். கத்தியை யார் திறந்தாங்களோ அவங்கதான் மடக்கணும்."

மேடம் மெல்ல நிமிர்ந்தார். கமாவைப் பார்த்தார். அவனுக்கும் புரிந்துவிட்டது. திருடின கத்தி இல்லை அது. கேட்டு வாங்கின கத்தி. மேஸ்திரி திறந்து கொடுத்தார். வாங்கியவருக்கு இந்தச் சட்டம் தெரியும். மடக்க வேண்டியவர் திரும்பி வரவில்லை.

"அன்னிக்கு மேஸ்திரிகிட்ட கத்தி வாங்கினது யாரு?" என்றார் மேடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பதினோரு பேரும் விழித்தார்கள். நொட்டாங்கைதான் தலை நிமிராமல் பதில் சொன்னார். "இங்க யாரு வாங்குவா? எல்லார்கிட்டயும்தான் சொந்தமா இருக்கே. பார்த்தீங்கல்ல."

நியாயம். பதினோரு கைகளில் ஒன்றுகூட வெறுமனே வரவில்லை. மேடத்துக்கு முதல்முறையாகக் கணக்கு தப்பியது.

"பாஸ், இங்க வாங்க."

கமாவின் குரல் மூலையிலிருந்து வந்தது. அங்கே ஒரு பழுப்புத் தார்ப்பாய் ஆள் உயரத்துக்கு ஆணியில் தொங்கியது. பாதி தைத்தது. ஊசி இன்னும் அதிலேயே குத்தியிருந்தது. கால்வாய்ப் பக்கத்துக் காற்றில் அது மட்டும் உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. உள்ளே நின்று யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

"அதைத் தொடாதீங்க," என்றான் ஒருவன். "அது அண்ணனோட கடைசி வேலை. யாரும் முடிக்கல."

"தொடல, பார்க்கத்தான் பார்த்தேன். என் சட்டைப் பட்டன் நூல் தொங்கிச்சு, பாஸ். டீக்குப் பயந்து, யாரும் பார்க்காத மூலையா வந்து பல்லால கடிச்சேன். கடிச்சுட்டு நிமிர்றேன், கண்ணு முன்னாடி இது." தன் சட்டை நூலின் நுனியையும் தார்ப்பாயின் நூல் நுனியையும் அருகருகே காட்டினான். இரண்டும் நசுங்கி, பிரிந்து, துடைப்பம் மாதிரி விரிந்திருந்தன. "இது நம்ம கட்சி, பாஸ். வெட்டின நூல் இல்ல. கடிச்ச நூல்."

மேடம் தையலை மேலிருந்து கீழே விரலால் தொடர்ந்தார். மேல் வரிசைகள் முந்தின நாள் வேலை. நுனிகள் சீராக, ஒரே வெட்டாக. தட்டைப் பென்சிலால் தேதி போட்டிருந்த கடைசி நாள் வரிசை தொடங்கிய இடத்திலிருந்து ஒவ்வொரு நுனியும் நசுங்கியிருந்தது. முதல் முடிச்சிலிருந்தே.

"காலைல வேலை ஆரம்பிக்கும்போதே அவர்கிட்ட கத்தி இல்ல," என்றார் மேடம். திரும்பவேயில்லை. "இது உங்களுக்குத் தெரியும், இல்லையா மேஸ்திரி?"

ஊசி நின்றது. நொட்டாங்கை அதைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார். தார்ப்பாய்க்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டார்.

"கேட்டேன், மேடம். 'என்னண்ணே பல்லால கடிக்கறீங்க, கத்தி எங்க?'ன்னு. சிரிச்சார். பையைத் தட்டிக் காட்டினார். 'இருக்குடா, தூங்குது'ன்னார். டொக்குனு சத்தம் வந்துச்சு. நான் நம்பிட்டேன்."

"தட்டைப் பென்சில்," என்றார் மேடம் மெதுவாக.

"ஆமா. அப்புறம்தான் தெரிஞ்சது. தான் போட்ட சட்டத்துல தானே மாட்டிக்க வெக்கம். முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட அவர் டீ வாங்கித் தந்ததில்ல. நாங்க விட்டிருப்போமா? ஓட்டியே கொன்னிருப்போம்." சொன்ன வார்த்தையை அவரே கேட்டுவிட்டு நின்றார். பிறகு கால்வாய்ப் பக்கம் பார்த்துப் பேசினார். "சுருள் சரிஞ்சு அண்ணன் தண்ணிக்குள்ள போனப்போ நாங்க ஆறு பேர் மேடைல நின்னோம். யாரும் குதிக்கல. எதுக்குக் குதிக்கணும்? அண்ணன்கிட்ட கத்தி இருக்கே! ஒருத்தன் சிரிச்சான்கூட. 'இப்ப கயித்தை அறுத்துட்டு மேல வந்து நம்மளை அறுப்பார் பாரு'ன்னான். குமிழி வந்துச்சு. நின்னுச்சு. அப்பவும் பார்த்துக்கிட்டே நின்னோம். பதினாலு மாசமா நான் அங்கதான் நிக்கறேன், மேடம். என் கையில கத்தி. திறந்தே இருந்துச்சு. கடைசியா குதிச்சு அறுத்தேன். ரெண்டே இழுப்பு. ஆனா அவருக்கு நேரம் முடிஞ்சிருச்சு."

வளையக்கார அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதை ஏன் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல? அவ உங்களைத் திருடன்னு எழுதி வச்சிருக்கா. நாலு மணிக்குக் குடுக்கப்போறா."

"எழுதட்டும். பாப்பாகிட்ட என்னன்னு சொல்றது? உங்கப்பா ஒரு டீக்கு வெக்கப்பட்டார், நாங்க வேடிக்கை பார்த்தோம்னா? கத்திய நான் எடுக்கல. ஆனா குதிக்காம நின்னேன்ல? தினமும் அண்ணிகிட்ட சொல்லிடணும்னுதான் போறேன். போய் உக்காருவேன். அண்ணி என்னையே பார்ப்பாங்க. வாய் வராது. எழுந்து வந்துருவேன்." இடது கையால் முகத்தைத் துடைத்தார். "அண்ணி எதுக்கு என்னை அப்படிப் பார்க்கறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. கோபம் இல்ல, மேடம் அது. மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கும்."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து.

"கமா, ஓடு. வண்டியப் பிடி."

"டீ…?"

"ஓடுடா!"

மகள் வாசலைப் பூட்டப் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மேடம் அவளை ஒரு வார்த்தை பேசவிடாமல் தோளைப் பிடித்து உள்ளே திருப்பினார். வழி முழுவதும் கமா ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதுவே மேடத்துக்குப் பயமாக இருந்தது.

கத்தி மேஜையில், அப்பாவின் இடத்தில், திறந்தபடி கிடந்தது. பின்வாசல் வழியாக வந்த வெயில் அலகில் பட்டு, சுவரில் ஒரு சிறு வெளிச்சம் நின்று நடுங்கியது.

"என் வேலையப் பார்க்க விடுங்க, மேடம். அந்த ஆள்…"

"அவர் எடுக்கல. பட்டறைல யாரும் எடுக்கல. அன்னிக்கு உங்கப்பா கத்தியோட பட்டறைக்குப் போகவே இல்ல."

"அப்போ?"

மேடம் சமையலறைக்குள் போனார். வரும்போது கையில் எண்ணெய் பாட்டில் இருந்தது. பின்னால் அம்மா வந்தாள், கூப்பிடாமலே. மேடம் பாட்டிலை மேஜையில் கத்திக்குப் பக்கத்தில் வைத்து, அதன் வாயில் செருகியிருந்த காகிதச் சுருளை உருவினார்.

"இதோட தக்கை உங்ககிட்ட இருக்கும்மா," என்றார், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில். "திறந்த கத்திய ஏப்ரன் பைல வச்சா குத்தும். முனைல ஒரு தக்கை வேணும்."

அம்மா மேடத்தைப் பார்த்தாள். பிறகு பைக்குள் இருந்த கை வெளியே வந்தது. விரல்கள் விரிந்தன. உள்ளங்கையில் ஒரு பழுப்புத் தக்கை. அதன் நடுவில் மெல்லிய ஒரு கீறல், ஆழமாக.

"அம்மா?" மகள் பின்னால் நகர்ந்தாள். இடுப்பு நாற்காலியில் இடித்தது. "நீயா? நாலு தடவையும் நீயா? நான் இங்க பயந்து செத்துக்கிட்டு… எதுக்கும்மா?"

"நீ சித்தப்பா பேரைச் சொன்ன மறுநாள்தான் கத்தி மேஜைக்கு வந்துச்சு," என்றார் மேடம். "ஒவ்வொரு தடவையும் நீ பூட்டி வச்சே. அவங்க எடுத்து வச்சாங்க. அவர்கிட்ட இல்ல, இந்த வீட்லதான் இருந்துச்சுன்னு உனக்குக் காட்ட. வாயால சொல்ல முடியல."

அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். பதினாலு மாதமாக உபயோகிக்காத குரல், அந்தத் திருகாணி மாதிரியே கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது.

"கேட்டார்."

அவள் கண் வாசல் பக்கம் போனது.

"வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே கையை நீட்டினார். 'கத்திய குடு, நேரமாச்சு'ன்னார். பழம் பாதிதான் நறுக்கியிருந்தேன். 'ஒரு நாள் இல்லாட்டி குடியா முழுகிடும், சாயங்காலம் வாங்கிக்கங்க'ன்னேன். 'இன்னிக்கு என்னை டீ வாங்க வைக்காம விடமாட்டே'ன்னு சிரிச்சுட்டுப் போனார்." அலகை விரல் நுனியால் தொட்டாள். "திறந்து குடுத்தார். நான் எப்படி மடக்குவேன்?"

மகளின் கையிலிருந்து கடிதம் நழுவியது.

மேடத்தின் பார்வை கத்தியிலிருந்து மகளிடம் போய், அங்கேயே நின்றது. ஒரு தாய் கத்தியை வேண்டுமானால் நாலு தடவை காட்டுவாள், வாயை மட்டும் ஏன் பதினாலு மாதம் திறக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் கமா எதையோ கேட்க வாயெடுத்தான். மேடம் அவன் காலை அழுத்தி மிதித்தார்.

"போதும்," என்றார் அவசரமாக. "நாம கிளம்பலாம். கடிதம் இனி வேண்டாம். மத்தது…"

"என்ன பழம்மா?" என்றாள் மகள்.

அம்மா கையை நீட்டினாள். எண்ணெய் பாட்டிலை எடுத்தாள். தக்கையை அதன் வாயில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். உதடுகளும் அதோடு சேர்ந்து மூடிக்கொண்டன.

"அம்மா. யாருக்கு நறுக்கிட்டிருந்தே?"

சுவரில் அந்த வெளிச்சம் நடுங்கிக்கொண்டேயிருந்தது. மகள் மெதுவாக, பதினாலு மாதமாக யாரும் உட்காராத அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேரிக்காய்," என்றாள் அவளாகவே. "நாலு துண்டு இருந்துச்சு. எல்லாத்தையும் நான் தின்னுட்டேன்."